சைட் வாரியாகச் செலவு: டேக் படுத்திய பாடு

கோவையில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்கிறோம். எப்போதும் நாலைந்து சைட் ஓடிக்கொண்டிருக்கும். எதில் காசு நிற்கிறது, எதில் கரைகிறது என்று பார்க்கத்தான் டேக் வசதியுள்ள அக்கவுண்ட்ஸ் சாஃப்ட்வேர் வாங்கினோம். டேக் என்றால் ஒவ்வொரு செலவிலும் அது எந்த சைட்டுக்கு என்று ஒட்டிவைக்கும் பெயர். டேலி சாஃப்ட்வேரில் இதேபோல் காஸ்ட் சென்டர் போட்டவர்களுக்கு இது புரியும். "டேக் போட்டுட்டே வாங்க சார், ரிப்போர்ட் தானா வந்துடும்" என்றார் விற்க வந்தவர்.

வந்தது, மார்ச் கடைசியில். பார்த்தால் பிளைவுட் ஒரு வீட்டுக் கணக்கில், லேமினேட் வேறொரு வீட்டுக் கணக்கில். மொபைல் ஆப்பில் டேக்கைப் பட்டியலில் இருந்தும் எடுக்கலாம், புதிதாகவும் அடிக்கலாம். வினையே அங்கேதான். சூப்பர்வைசர் ‘ஆர்.எஸ்.புரம்’ என்று போட்டிருக்கிறார், இன்னொரு பையன் புள்ளி இல்லாமல் ‘ஆர்எஸ்புரம்’, அக்கவுண்ட்ஸ் பார்க்கும் அக்கா ‘டாக்டர் வீடு’. இருப்பதோ ஒரே வீடு. டேக் போடாமல் விட்ட பில்கள் அந்த ரிப்போர்ட்டில் வரவே இல்லை. அதனால் எல்லா சைட்டும் லாபத்தில் ஓடுவதுபோல் ஒரு தோற்றம்!

மூன்றையும் ஒன்றாக்கித் தரச் சொல்லி ஹெல்ப் டெஸ்க்கைக் கூப்பிட்டால், "ஒவ்வொரு என்ட்ரியா ஓப்பன் பண்ணி மாத்திக்கோங்க சார்." சரி, மாற்றலாம் என்று உட்கார்ந்தால், ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்ட மாதங்களை ஆடிட்டர் ஆபீஸ் திருத்த முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறது. அங்கே இருந்த ஜூனியர், "டேக் எல்லாம் எங்களுக்கு எதுக்கு சார்? லெட்ஜர் சரியா இருக்கான்னு பாருங்க" என்று போனை வைத்துவிட்டார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் உண்டு. என்ன செலவு என்பதை லெட்ஜர், அதாவது செலவு வகைக் கணக்கு, சொல்லவேண்டும். யாருக்காக என்பதை மட்டும் டேக் சொன்னால் போதும். ‘டீசல்’, ‘சாப்பாடு’ என்றெல்லாம் டேக் உருவாக்கினால் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுதுகிற கதைதான்.

இதற்கு விலக்காக நாங்கள் வைத்துக்கொண்ட டேக் ஒன்று உண்டு: ‘ஐடிசி இல்லை’. ஐடிசி என்பது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியை நாம் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் கிரெடிட். சைட்டில் ஆட்களுக்கு வாங்கும் சாப்பாட்டு பில்லில் ஜிஎஸ்டி இருந்தாலும் எங்களைப் போன்றவர்கள் கிரெடிட் எடுக்க முடியாது, ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. மும்பையில் ஹோட்டலில் தங்கினால் மகாராஷ்டிராவின் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (ஜிஎஸ்டியின் மத்திய, மாநிலப் பங்குகள்) போடுவார்கள். தமிழ்நாட்டுப் பதிவை வைத்துக்கொண்டு அதையும் எடுக்க முடியாது. சாஃப்ட்வேருக்கு இதெல்லாம் தெரியாது, வரியைப் பார்த்ததும் கிரெடிட்டில் சேர்த்துவிடும். ரிட்டர்ன் போடுவதற்கு முன் இந்த டேக்கை வடிகட்டிப் பார்த்தால் தப்பிக்கலாம்.

அடுத்து ரொக்கம். இதில் கவனமாக இருங்கள். ஒரே நாளில் ஒரே ஆளுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரிக் கணக்கில் அந்தச் செலவைக் கழிக்க முடியாது. கார்பென்டருக்கு ஒரு சைட்டில் 6,000, இன்னொரு சைட்டில் 7,000 என்று டேக் பிரித்துப் போட்டால் ரிப்போர்ட்டில் இரண்டுமே வரம்புக்குள் தெரியும். சட்டம் பார்ப்பது 13,000. பணம் கைமாறும் முன் இதைப் பிடித்தது எங்கள் அக்காதான், சாஃப்ட்வேர் வாயே திறக்கவில்லை. ஒரு பகுதியை யுபிஐயில் அனுப்பினோம்.

இவ்வளவு பாடுபட்டதற்குப் பலன் கிடைக்காமல் இல்லை. ஒரு கிளையன்ட், மாடுலர் கிச்சனில் கூடுதலாகச் செய்த வேலைக்குப் பணம் தர மறுத்தார். அதற்கென்று தனி டேக் போட்டிருந்ததால் கீல், சேனல், கூலி, டெம்போ வாடகை எல்லாவற்றையும் பில்லோடு எடுத்து மேஜையில் வைத்தேன். அன்றே செக் எழுதினார்.

ஏப்ரல் 1 முதல் புது டேக் சேர்க்கும் உரிமை அக்காவுக்கு மட்டும்தான். டேக் இல்லாமல் எதுவும் சேவ் ஆகாதபடி செட்டிங்கையும் மாற்றிவிட்டோம். எந்த சைட்டிலும் சேராத ஆபீஸ் வாடகை, கரண்ட் பில்லுக்கு ‘பொது’ என்று ஒரு டேக். இது இல்லையென்றால் பையன்கள் கையில் கிடைத்த சைட்டின் தலையில் கட்டிவிடுவார்கள். பிளைவுட் கடை பில் இரண்டு சைட்டுக்குச் சேர்ந்து வந்தால் ஆப்பில் போடாதீர்கள், அதில் ஒரு பில்லுக்கு ஒரு சைட் டேக்தான். கம்ப்யூட்டரில் ஐட்டம் வாரியாகப் பிரித்துப் போடலாம். பழைய மாதங்களை அப்படியே விட்டுவிட்டோம். மூன்று டேக்கையும் எக்செல்லில் கூட்டிக்கொள்கிறார் அக்கா.