இரவல் நெல்

காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். போன ஜூலையில், வரி தாக்கல் நெருக்கடியில், கானாடுகாத்தான் பக்கத்துத் தம்பி ஒருவர் கிரிப்டோ ஸ்டேட்மென்ட் கொண்டுவந்தார். பதினாலு பக்கம். பெரும்பாலும் ஷார்ட், அதாவது விலை இறங்கும் என்று நம்பி, கையில் இல்லாததை முன்கூட்டி விற்பது.

எங்கள் ஆபீஸில் பழைய கணக்குப்பிள்ளை ஐயா ஒருவர் இருக்கிறார், வட்டிக்கடைப் பேரேட்டில் வளர்ந்தவர். "கையில இல்லாத பொருளை எப்படி விப்பாக?" என்று கேட்டார். நெல்லை வைத்துச் சொன்னேன். பக்கத்து வீட்டில் ஒரு மூட்டை இரவல் வாங்கி 1,500 ரூபாய்க்கு விற்கிறோம். அறுவடையில் விலை 1,200 ஆனதும் வாங்கித் திருப்பிக் கொடுத்தால் 300 ரூபாய் நமக்கு. மழை பொய்த்து 4,000 ஆனாலும் மூட்டையைத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

"அப்ப நட்டத்துக்கு எல்லையே இல்லையே" என்றார். அதேதான். வாங்கி வைத்தவனுக்குப் போட்ட முதல்தான் போகும். விலை ஏறுவதற்கு உச்சவரம்பு ஏது?

தம்பி போட்டது பெர்பெச்சுவல் ஃப்யூச்சர்ஸ். இதில் காயினை யாரும் இரவல் வாங்குவதில்லை. மார்ஜின் என்ற முன்பணம் கட்டி, விலை மேல் ஒப்பந்தம். 2016-இல் பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் கொண்டுவந்த முறை. முடிவுத் தேதி கிடையாது. அதனால் ஒப்பந்த விலை சந்தை விலையை விட்டு விலகாமலிருக்க, பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஃபண்டிங் என்ற தொகை ஒரு பக்கத்தாரிடமிருந்து மறுபக்கத்தாருக்குக் கைமாறும். ஷார்ட் பக்கம் கூட்டம் சேர்ந்தால் ஷார்ட் போட்டவர்கள்தான் கட்டுவார்கள். ஐயாவுக்கு இது உடனே பிடிபட்டது. "வட்டின்னு சொல்லுங்க" என்றார்.

அப்புறம் லீவரேஜ், கட்டிய பணத்தைவிடப் பல மடங்குக்கு ஒப்பந்தம் போடுவது. 10,000 ரூபாய் கட்டிப் பத்து மடங்குக்கு ஷார்ட் எடுத்தால், விலை 10 சதவீதம் ஏறினாலே முதல் காலி. அதற்குச் சற்று முன்பே எக்ஸ்சேஞ்ச் தானாகக் கணக்கை மூடிவிடும். லிக்விடேஷன் என்பது அதுதான்.

தம்பியின் ஸ்டேட்மென்ட்டில் ஒன்பதாம் பக்கத்தில் அப்படி ஒரு லிக்விடேஷன் பதிவு இருந்தது. இரவு 2.47. மறுநாள் சாயங்காலமே விலை அவர் எதிர்பார்த்த இடத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்தப் பதிவில் விரலை வைத்துக்கொண்டு தம்பி, "நான் நினைச்சது சரிதானே அண்ணே?" என்றார்.

சரிதான். 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், ஒரு வருஷத்தில் 16,000-க்குக் கீழே வந்தது. ஆனால் நேராக இறங்கவில்லை. நடுவில் பலமுறை குபீரென்று ஏறித்தான் இறங்கியது. பத்து மடங்கு எடுத்தவர் அந்த ஏற்றங்களைத் தாண்டி நிற்க முடியாது. இதை அவரிடம் சொல்ல எனக்கு நெஞ்சு வலித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. காயின் வாங்கி விற்றதில் அவருக்குக் கொஞ்சம் லாபம் இருந்தது. 2022 ஏப்ரல் முதல் அதற்கு 30 சதவீத வரி. எந்த நஷ்டத்தையும் அதில் கழிக்க முடியாது.

ஃபைலின் கடைசியில் ஒரு நகை அடகு ரசீது செருகியிருந்தது. "அம்மா செயின்" என்றார். மீட்க வேண்டிய தேதியை என் டைரியிலும் குறித்துக்கொண்டேன்.