சோளகம் எழும்ப முன் கச்சதீவுக்கு

புனித அந்தோனியாரின் திருநாள் யூன் 13. யாழ்ப்பாணத்துப் பாஷையூரில் அன்றுதான் பெருவிழா. பாக்கு நீரிணையிலுள்ள கச்சதீவு ஆலயத்தில் மட்டும் அவரைத் தவக்காலத்தில், பெப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தேடிப் போகிறோம். யூனில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். சிறு படகுக்கு அந்தக் கடல் பெரும்பாடு. வாடை என்கிற வடகீழ்க் காற்று தணிந்து சோளகம் எழும்ப முன்னுள்ள கிழமைகளில்தான் கடல் அடங்கிக் கிடக்கும். உயிர்ப்பு ஞாயிறு நிலவைப் பொறுத்து நகர்வதால் விழாத் திகதியும் ஆண்டுக்காண்டு நகரும். போன வருடத் திகதியை நம்பி லீவு எடுக்காதீர்கள்; பங்குக் கோவிலில் அறிவித்தலைக் கேட்டபின் எடுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து படகு. விடிய முன் வெளிக்கிடுங்கள். தீவில் குடிசனமும் இல்லை, குடிக்கத்தக்க நன்னீரும் இல்லை. இரண்டு நாளுக்கு ஆளுக்கு 6 லீற்றராவது வேண்டும். மணலில் கூடார முளை பிடிக்காது. உரப்பையில் மணலை நிரப்பி அதில் கயிற்றைக் கட்டினால் நிற்கும்.

சாப்பாட்டுக்குப் புழுக்கொடியலைப்போல, அதாவது அவித்துக் காயவிட்ட பனங்கிழங்கைப்போல, ஒன்றில்லை. ஆவணி, புரட்டாதியில் களி பினைந்தெடுத்த பனங்கொட்டையை மழைக்கு முன் பாத்தியில் அடுக்கி மண் மூடுவோம். மார்கழி, தையில் கிண்டினால் கிழங்கு. பிந்தினால் ஓலை விரியத் தொடங்கி, கிழங்கு தும்பாகிவிடும். அவித்து, தோலுரித்து, இரண்டாகக் கிழித்து, நடுநரம்பை எடுத்துக் காயவிடவேண்டும். அரைகுறையாய்க் காய்ந்தது பையில் பூஞ்சணம் பிடிக்கும்; முறித்தால் 'டக்'கென்று உடையவேண்டும். கிண்டும்போது ஊமலை, அதாவது கிழங்கு விட்ட பனங்கொட்டையை, ஒருமுறை பிளந்து பாருங்கள். உள்ளே வெறும் கோறை. இருந்ததெல்லாம் கிழங்குக்குப் போயிருக்கும். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி யோவான் நற்செய்தி 12ஆம் அதிகாரம் சொல்வதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த அந்த ஊமல் போதும்.

முதல் நாள் பின்னேரம் கொடியேற்றம். பிறகு 14 நிலைச் சிலுவைப்பாதை, நற்கருணை ஆராதனை, திருச்சொரூபப் பவனி. மெழுகுதிரியை வெட்டவெளியில் ஏற்றினால் நில்லாது. மணலில் ஒரு சாண் குழி தோண்டி அதற்குள் ஏற்றுங்கள். இராமநாதபுரத்துச் சீனிக்குப்பன் படையாட்சி கட்டிய பழைய சிற்றாலயத்துக்குப் பக்கத்தில் 2016இல் எழும்பிய புதிய ஆலயம் நிற்கிறது. போர்க்காலத்தில் பல வருடம் இந்த யாத்திரையே இல்லை. அந்த வருடங்களிலும் வாடை தணிந்தது, கடல் அடங்கியது. பெருவெள்ளம் வடிந்தபின் கோடையும் மாரியும் ஒழியாது என்று ஆண்டவர் தமக்குள் சொன்ன வாக்கு (தொடக்கநூல் 8:22), போக ஆளில்லாத கடலிலும் தவறவில்லை. மாறாத இறைவனை மாறுகிற காற்றுக்குப் புறம்பே தேடத் தேவையில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி நமக்கு எதற்கு?

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் எல்லோரும் ஒரேயடியாகத் துறைக்கு ஓடுவார்கள். நெரிபடாமல் பொறுத்து வாருங்கள். மிச்சத் தண்ணீரைத் தீவில் ஊற்றிவிடாதீர்கள். படகு பிந்தினால் பிள்ளைகளுக்குத் தேவைப்படும். வெறும் போத்தல்களையும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள்.