மொஸ் பார்க் கூடாரமும் எங்கள் வீட்டு மருந்துப் பையும்

2017 ஆகஸ்ட் 12ஆம் திகதி, ரொறன்ரோ நகர மையத்துக்குக் கிழக்கே இருக்கும் மொஸ் பார்க் பூங்காவில் சிலர் அனுமதி எதுவும் பெறாமல் கூடாரம் அடித்தார்கள். போதைமருந்து ஏற்றிக்கொள்பவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை அங்கே அமர்ந்து ஏற்றிக்கொள்ளலாம். அருகில் ஒருவர் இருந்து அவர்களுடைய மூச்சைக் கவனித்துக்கொண்டிருப்பார். மூச்சுத் தடுமாறினால், போதைமருந்தின் வேகத்தை முறித்து மூச்சை மீட்கும் நலொக்சோன் என்ற மருந்தைக் கொடுப்பார். அவர்கள் செய்தது இவ்வளவுதான். தாதியர், தெருவோரப் பணியாளர்கள், தாங்களே போதைமருந்து பாவிப்பவர்கள் எனப் பலர் ஊதியமின்றி முறைவைத்து வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன்பே நண்பர்களை அடக்கம் செய்தவர்கள். பனிக்காலத்திலும் தொடர்ந்த அந்தக் காவல், 2018இல் ஒரு கட்டடத்துக்கு மாறும்வரை ஏறத்தாழ ஓராண்டு நடந்தது. அந்தக் காலத்தில் மூச்சு மீட்கப்பட்டு எழுந்தவர்களின் எண்ணிக்கை 200க்கும் மேல்.

மோர்ஃபின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்ட் வகை மருந்துகள் மூச்சை இயக்கும் மூளைப் பகுதியை மந்தமாக்குகின்றன. அளவு மீறினால் மூச்சு மெல்லக் குறைந்து நின்றுவிடும். ஒட்சிசன் கிடைக்காமல் சில நிமிடங்களில் மூளை பாதிக்கப்படும். மருத்துவர் எழுதிக்கொடுத்த வலிமாத்திரையில் பலருடைய பழக்கம் தொடங்கியது. அப்படியான வலிமாத்திரைகளில் ஒன்றான ஒக்சிகொன்டின் 2012இல் கனடாவின் சந்தையிலிருந்து நீக்கப்பட்டபோது மாத்திரை போனதே தவிர, அதைச் சார்ந்திருந்த உடல்களின் தேவை போகவில்லை. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட ஃபென்டனில், மோர்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமானது; தெருவில் வாங்கும் பொட்டலத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பது வாங்குபவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்பவருக்கும் தெரியாது. 2016 தொடக்கம் இன்றுவரை இந்த நாட்டில் ஓபியாய்ட் அளவு மீறி 50,000க்கும் மேற்பட்டோர் இறந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் இவர்களில் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப்பார்க்கிறேன்.

இதை நான் எழுத ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ப் பிள்ளையின் செத்தவீட்டுக்குப் போயிருந்தேன். மாரடைப்பு என்று சொன்னார்கள். அவனுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வந்திருந்தவர்களில் பாதிப்பேருக்காவது உண்மை தெரியும்; நானும் தெரிந்துகொண்டு, தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பேஸ்மென்ட் அறையைப் பூட்டிக்கொண்டு தனியே இருந்தபோதுதான் அவன் இறந்தான். மேல்மாடியில் நான்கு பேர் இருந்திருக்கிறார்கள். ஒன்ராறியோவில் இப்படி இறப்பவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள்ளேதான் இறக்கிறார்கள். பிள்ளையின் பழக்கம் வெளியே தெரிந்தால் குடும்பத்தின் மானம் போய்விடும் என்று நாங்கள் காட்டும் முகச்சுளிப்பு அந்தப் பிள்ளைகளைப் பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் அனுப்புகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கடந்த மாதம் பார்மசிக்குப் போய், இலவசமாகத் தரப்படும் நலொக்சோன் பையைக் கேட்டேன். கேட்பதற்கு முன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிப் பெட்டி அளவிலான சிறிய பை. சிப்பைத் திறந்தால் மூக்கில் அடிக்கும் இரண்டு மருந்துகள், கையுறைகள், வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்க ஒரு மெல்லிய தடுப்பு. அங்கிருந்த தமிழ்ப் பெண் பொறுமையாக விளக்கினார். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், தொண்டையில் குறட்டை போன்ற ஒரு கொரகொரப்பு வரும், தோளைத் தட்டிக் கூப்பிட்டாலும் அசைவிருக்காது. உடனே 911ஐ அழைத்து, மருந்தில் ஒன்றை மூக்கில் அடிக்க வேண்டும். “அண்ணா, ஒருக்கா அமத்திப் பாப்பம் எண்டு மட்டும் நினைக்காதேங்கோ. ஒண்டுக்குள்ள ஒரு தரத்துக்குத்தான் மருந்து இருக்கு,” என்றார். இரண்டு மூன்று நிமிடங்களில் மூச்சுத் திரும்பாவிட்டால் மற்றதை அடிக்க வேண்டும். இப்போதெல்லாம் ஃபென்டனிலோடு தூக்க மருந்துகளும் கலந்து வருவதாலும், அவற்றின் மீது நலொக்சோன் வேலை செய்யாது என்பதாலும், ஆள் கண் விழிக்காவிட்டாலும் மூச்சுக் கொடுப்பதை நிறுத்தக் கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். விழித்தவரையும் தனியே விடக் கூடாது. மருந்தின் வேகம் ஒன்றரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடும், அதன் பிறகு மூச்சு மறுபடியும் தடுமாறலாம். பொலிசை எண்ணிப் பயந்து அழைக்காமல் விடுபவர்களுக்காகவே 2017இல் ஒரு கூட்டாட்சிச் சட்டம் வந்தது. உதவிக்கு அழைப்பவர் மீதும் அந்த இடத்தில் இருப்பவர்கள் மீதும் போதைமருந்தை வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போட முடியாது.

பள்ளிகளுக்கும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கும் 200 மீட்டருக்குள், மொஸ் பார்க் கூடாரம் போல ஆள் பார்த்திருக்கப் போதைமருந்து ஏற்றிக்கொள்ளும் மேற்பார்வை நிலையங்கள் இயங்கக் கூடாது என்று ஒன்ராறியோ அரசு 2024இல் சட்டம் இயற்றியது. 2025 மார்ச் இறுதியோடு பல நிலையங்கள் மூடப்பட்டன. பிள்ளை நடக்கும் வழியில் ஊசியைக் கண்ட தாயின் பதற்றத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன், அது நியாயமான பதற்றம். ஆனால் அறையை மூடினால் ஃபென்டனில் ஊரைவிட்டுப் போய்விடாது. ஊசி ஏற்றுபவர்கள் சந்துகளுக்கும் உணவகக் கழிவறைகளுக்கும் போவார்கள். புதிதாக வரும் சிகிச்சை நிலையங்களை நான் வரவேற்கிறேன். அந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெதடோன், புப்ரனோர்ஃபின் என்ற மருந்துகள் எத்தனையோ பேரை மீட்டிருக்கின்றன. அந்தச் சிகிச்சை தொடங்கும் நாள்வரை ஆள் உயிரோடு இருக்க வேண்டுமே.

பையை வாசலில் கோட் மாட்டும் இடத்தில் தொங்கவிட்டிருக்கிறேன். அம்மா இது என்ன என்று கேட்டார். ஒரு கணம் தயங்கிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், அந்தச் செத்தவீட்டின் உண்மையையும் சேர்த்து. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு என்னைத் தரையில் படுக்கச் சொல்லி, மூச்சுத் திரும்பிய ஆளைக் கிடத்துவதுபோலப் பக்கவாட்டில் திருப்பி, மேல்காலை மடக்கி, கையைக் கன்னத்தின் கீழ் வைத்து, சரியா என்று இரண்டு தடவை பழகிப் பார்த்தார். முதியோர் சங்கத்துக்கும் ஒன்று வேண்டுமாம். புதன்கிழமை வாங்கிவரச் சொல்லியிருக்கிறார்.