கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் படமெடுத்தல்: ஒரு செய்முறைத் தேர்வு அனுபவம்

காட்சித் தொடர்பியல் மாணவர்கள் பலரும் புகைப்படச் செய்முறைத் தேர்வுக்கு உருவப்படம், பொருட்படம் என்று பழகிவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வந்ததோ கண்ணாடி அலமாரிக்குள் வைத்த பித்தளைக் குத்துவிளக்கு. எதிர்ச்சுவரில் பெரிய ஜன்னல், கூரையில் டியூப்லைட். பிரதிபலிப்பு இல்லாமல் இரண்டு படங்கள் தர வேண்டும், ஃபிளாஷ் கூடாது. இதே தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது: கேமராவைத் தொடுவதற்கு முன் உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று திரும்பிப் பாருங்கள்.

சாதாரணக் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. முன்பரப்பும் பின்பரப்பும் சேர்ந்தால் 8 சதவீதம். கேட்கக் குறைவுதான். ஆனால் பகல் ஜன்னலின் 8 சதவீதம் மங்கலான அலமாரிக்குள் இருக்கும் விளக்கை எளிதில் மூழ்கடித்துவிடும். திரைச்சீலையை இழுத்துவிட்டு, டியூப்லைட்டை அணைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும். தேர்வன்று கறுப்புச் சட்டை அணிந்து செல்லுங்கள். வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே விழும்.

முதல் படத்தை நேராக நின்று, லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹுட் வைத்து எடுத்தேன். இதற்கு வட்டமான ரப்பர் ஹுட்தான் சரி. அதைக் கண்ணாடியில் மெல்லப் பதித்தால் பக்கவாட்டு ஒளி உள்ளே வர வழியே இல்லை, கேமராவும் ஆடாது. இதழ் வடிவ ஹுட்டில் இடைவெளிகள் இருப்பதால் அவற்றின் வழியே ஒளி கசியும். அருங்காட்சியகங்களில் கண்ணாடியைத் தொட விடமாட்டார்கள். அங்கே கறுப்பு அட்டையின் நடுவே லென்ஸ் அளவுக்குத் துளையிட்டு முன்னால் பிடித்துக்கொள்ளலாம். லென்ஸ் கண்ணாடியை ஒட்டியிருக்கும்போது அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) எஃப்/4 அளவில் அகலமாகத் திறந்து வைத்தால் தூசியும் கீறலும் படத்தில் தெரியாமல் கரைந்துவிடும். எஃப்/16 என்று துளையைச் சிறிதாக்கினால் அத்தனையும் தலைகாட்டும்.

இரண்டாவது படம் பக்கவாட்டிலிருந்து, போலரைசர் ஃபில்டரோடு. ஒரே தளத்தில் அதிரும் ஒளியைத் தடுக்கும், சுழற்றக்கூடிய ஃபில்டர் இது. பலர் தடுமாறுவது இங்கேதான். நேர் எதிரே நின்று ஃபில்டரை எவ்வளவு சுழற்றினாலும் பிரதிபலிப்பு போகாது. சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளிதான் ஒரே தளத்தில் அதிர்கிறது. ஃபில்டரால் அதைத்தான் தடுக்க முடியும். கண்ணாடிக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து சுமார் 56 பாகையில் அது முழுமையாக நடக்கிறது. புரூஸ்டர் கோணம் என்று பாடத்தில் வருவது இதுவே. தேர்வில் அவ்வளவு ஓரத்துக்குப் போக வேண்டியதில்லை. போனால் விளக்கின் வடிவம் ஒடுங்கிவிடும். 45 பாகையிலேயே வித்தியாசம் நன்றாகத் தெரியும். அங்கே நின்று வளையத்தை மெல்லத் திருப்பினேன். ஜன்னல் கம்பிகளின் வெள்ளைக் கோடுகள் படிப்படியாக மங்கின. அவற்றுக்குப் பின்னாலிருந்து விளக்கின் தண்டும் அன்னமும் எழுந்து வந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் திருப்பினால் கோடுகள் மீண்டும் வரும். மிக மங்கலான இடத்தில் நிறுத்த வேண்டும்.

போலரைசர் ஒன்றிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஒளியை விழுங்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). 1/60 நொடியில் எடுத்த இடத்தில் 1/15 தேவைப்படலாம். ஆகவே ட்ரைபாடை முன்பே கேட்டு வாங்கி வையுங்கள், அல்லது ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) உயர்த்துங்கள். யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அதுவும் பிரதிபலிக்கும் இன்னொரு கண்ணாடிதான். ஆட்டோஃபோகஸ் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் கையாலேயே ஃபோகஸ் செய்வது நல்லது.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் இரண்டு கேள்விகள் கேட்டார். இப்படிப் பட்டுத் திரும்பும் ஒளி முனைவாக்கப்படுவதை, அதாவது ஒரே தளத்தில் அதிர்வதை, முதலில் கண்டவர் யார் என்பது ஒன்று. 1808இல் பாரிஸில், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலைக் கால்சைட் படிகத்தின் வழியே பார்த்த எத்தியன் லூயி மாலுஸ். இதைப் படித்து வைத்திருந்ததால் உடனே சொல்ல முடிந்தது. மற்றொன்று என் படத்தைக் காட்டியே வந்தது: கண்ணாடியின் பிரதிபலிப்பு போய்விட்டது, பித்தளையின் பளபளப்பு ஏன் அப்படியே இருக்கிறது? உலோகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணாடியில் நடப்பதுபோல முனைவாக்கம் அடைவதில்லை, அதனால் ஃபில்டர் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது என்றேன். செப்புத் திருமேனி, வெள்ளிப் பாத்திரம், கோப்பை என எந்த உலோகப் பொருள் வந்தாலும் இந்தக் கேள்வியை எதிர்பாருங்கள். அந்தப் பளபளப்பையும் குறைக்க வேண்டுமானால் ஒளி வரும் இடத்தை மாற்றுவதுதான் வழி.