கேட்சரின் இடது கால்

வார நாட்களில் மென்பொருள் வேலை. வசந்த காலம் வந்துவிட்டால் சாயங்காலங்களிலும் சனிக்கிழமைகளிலும் ஒஹாயோவில் பள்ளி பேஸ்பால் ஆட்டங்களுக்கு அம்பயர். ஸ்டிரைக்கா இல்லையா என்பதற்காகத் திட்டு வாங்குவது பழகிவிட்டது. ஆனால் மொத்த மைதானமும் எழுந்து நின்று கத்துவது, ஹோம் பிளேட்டில், அதாவது ஓடி வருபவர் தொட்டால் ரன் கிடைக்கும் இடத்தில், கேட்சர் (கிரிக்கெட் கீப்பர் மாதிரி) வழியை மறித்தார் என்று நான் சொல்லும்போதுதான்.

கிரிக்கெட்டில் ரன் அவுட் செய்ய கீப்பர் பெயில்ஸைத் தட்டினால் போதும். இங்கே, மூன்றாம் பேஸிலிருந்து ஓடி வருபவரைப் பெரும்பாலும் பந்தோடு தொட்டாக வேண்டும். அதனால் கேட்சருக்கு அந்த வழியிலேயே போய் நிற்கத்தான் தோன்றும். பிளேட்டின் அகலம் 17 அங்குலம்தான். முட்டிக் கவசம் போட்ட ஒரு காலை நீட்டினாலே பாதி மறைந்துவிடும்.

பள்ளி விதி கறாரானது. கையில் பந்து இல்லாதவரை, பிளேட்டைத் தொட ரன்னருக்குக் கொஞ்சமாவது இடம் விட வேண்டும். "பந்து வந்துகொண்டிருந்தது" என்ற சாக்கு செல்லாது. தொழில்முறை ஆட்டத்தில் அது செல்லும். 2011 மே மாதம் ரன்னர் ஸ்காட் கசின்ஸ் மோதியதில் சான் பிரான்சிஸ்கோ கேட்சர் பஸ்டர் போஸியின் கால் எலும்பு முறிந்தது. அவருக்கு அந்த சீசனே போச்சு. 2014-இல் தொழில்முறை ஆட்டத்தை நடத்தும் மேஜர் லீக் மோதல் விதியைக் கொண்டுவந்தது. ஆனாலும், வரும் பந்தைப் பிடிக்கப் போகும்போது கேட்சர் வழியில் வந்துவிட்டால் அது குற்றமில்லை என்று விலக்கு வைத்தார்கள். டிவியில் அதைப் பார்த்த அப்பாக்கள் வேலிக்குப் பின்னாலிருந்து எனக்குப் பாடம் நடத்துவார்கள். சரி, அவர்கள் பார்த்த அம்பயருக்கு ரீப்ளே உண்டு. எனக்கு இரண்டு கண்தான்.

அந்தக் கண்களை எங்கே வைப்பது என்பதுதான் இந்த வேலையில் பெரிய விஷயம். எல்லோரும் பந்தைப் பார்ப்பார்கள். டேக் (பந்தோடு ரன்னரைத் தொடுவது) பட்டதா இல்லையா என்று பார்ப்பார்கள். மறித்தலோ அதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். பந்தை எறிந்ததும் அது எந்தப் பக்கம் விலகுகிறது என்று ஒரு பார்வை, அப்புறம் நேராகக் கேட்சரின் இடது கால். வலது ஃபீல்டிலிருந்து எறிந்தால் கேட்சர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ரன்னர் அவர் முதுகுப்புறம் வருவார். அப்போது இடது கால் தானாகவே ரன்னர் வரும் கோட்டுப் பக்கம் நழுவும்.

ஒரு ஆட்டத்தில் அப்படித்தான் நழுவியது. பந்து இன்னும் காற்றில் இருக்கும்போதே கால் கோட்டின் குறுக்கே வந்துவிட்டது. நேராக வந்த பையன் வெளியே வளைந்து, பிளேட்டைத் தாண்டி விழுந்து, கையை நீட்டித் தொடப் பார்த்தான். அதற்குள் டேக் விழுந்தது. மறித்தல் நடந்தது என்று காட்ட என் இடது கை முஷ்டியோடு பக்கவாட்டில் நீண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. "டைம்" சொல்லி ரன்னருக்கு ஹோம் கொடுத்தேன், அதாவது ரன். கேட்சரின் கோச் ஓடி வந்தார்.

"ப்ளூ, அவன் மேல் படவே இல்லையே!"

(அம்பயர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும் இங்கே ப்ளூதான்.)

"பட வேண்டியதில்லை, கோச். வழி மாறினான், அது போதும்."

பட்டால்தான் குற்றம் என்று வைத்தால் பையன்களை மோதச் சொல்லிக் கொடுப்பதாகிவிடும். வேண்டுமென்றே மோதும் ரன்னரைப் பள்ளி விதி அவுட்டாக்கி வெளியேயும் அனுப்பிவிடும். முதலில் மறித்தது கேட்சர் என்பதும் அவனைக் காப்பாற்றாது.

எனக்கு இன்னும் கடினமாக இருப்பது வேறு. கேட்சர் பந்தில்லாமல் வழியில் நிற்கிறார். ரன்னர் இன்னும் நாலைந்து தப்படி தள்ளி இருக்கிறார். பந்து வந்து சேர்ந்துவிடுகிறது. யாருக்கும் தடை இல்லை, டேக் செல்லும். அதே நேரத்தில் ரன்னர் வேகத்தைக் குறைத்திருந்தால்? வழி அடைபட்டதால் குறைத்தாரா, பந்து முந்திவிட்டது என்று மனம் தளர்ந்து குறைத்தாரா? தலை திரும்பிப் பந்தைத் தேடினால் பெரும்பாலும் இரண்டாவதுதான். கண் பிளேட்டிலேயே இருந்து, கால் மட்டும் தடுமாறினால் முஷ்டியை நீட்டிவிடுவேன்.