கார்னர் பையனின் முதுகு

"கண்ணு தெரியலையா தம்பி?"

கேட்டது ஒரு டீமின் பயிற்சியாளர். மற்ற அம்பயர்களை எல்லாம் 'சார்' என்று கூப்பிடுகிறவர்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இந்த அம்பயர் மட்டும் தம்பி. குறுவட்டக் கபடி, 14 வயதுக்குட்பட்டோர். தகராறு, ரைடருக்குக் கொடுத்த ஒரே ஒரு பாயிண்டுக்கு.

லாபி, அதாவது ஆடுகளத்தின் இரு ஓரத்திலும் ஓடும் பட்டை, என்றாலே இப்படித்தான். எதிராளி மேல் டச் விழுவதற்கு முன் ரைடர் அதில் கால் வைத்தால் அவுட். விழுந்துவிட்டால் அந்த 1 மீட்டரும் ஆடுகளம். எது முந்தியது? நடுவில் அரை நொடிகூட இருக்காது. பக்கக் கோட்டில் நிற்கும் அம்பயர் கையைப் பார்த்தால் கால் தப்பும், காலைப் பார்த்தால் கை தப்பும். பயிற்சியாளர் நின்றதோ கடைக்கோட்டுக்குப் பின்னால், அவுட்டானவர்கள் உட்காரும் சிட்டிங் பிளாக் பக்கம். லாபிக் கோடு அங்கிருந்து பார்த்தால் நேராக ஓடும். கால் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும். டச்சைத்தான் மூலையில் தடுத்து ஆடும் அவருடைய கார்னர் பையனின் முதுகு மறைத்துவிட்டது. அவர் பொய் சொல்லவில்லை. பாதிதான் பார்த்தார். அந்த முனையில் நின்ற உதவி ஸ்கோரரைக் கேட்டிருக்கலாம். அவன் பதினொன்றாம் வகுப்புப் பையன், போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

போதாததற்கு அது மூன்றாவது மேட்ச். 3 முதல் 5 சென்டிமீட்டர் இருக்க வேண்டிய சுண்ணாம்புக் கோடு மிதிபட்டு ஒரு சாண் அகலத்துக்குப் பரவிக் கிடந்தது. மேட்ச்சுக்கு மேட்ச் பழசைப் பெருக்கித் தள்ளி, கயிறு பிடித்துப் புதுக்கோடு போட்டால் பாதிச் சண்டை வராது. யார் போடுவது? இருக்கிற அத்தனை பேரும் பி.இ.டி., உடற்கல்வி ஆசிரியர்கள். காலையில் விசில், மதியம் சொந்த டீம்.

அம்பயரின் கை சட்டைப்பைக்குப் போனது. பச்சை அட்டை, வெறும் எச்சரிக்கை. 2 நிமிடம் வெளியே உட்கார வைப்பது மஞ்சள்தான். ரெஃப்ரி கிட்டே வந்து, "விடுங்க சார், அடுத்த மேட்ச் அவர்தான் விசில்" என்றார். கை வெறுமனே திரும்பி வந்தது. ஸ்கோர் ஷீட்டில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அட்டையைக் காட்டியிருக்க வேண்டும். பையன்கள் அத்தனை பேர் காதிலும் விழுந்த பேச்சு அது. காட்டியிருந்தால் பயிற்சியாளர் டீமைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார் என்பதும் நிச்சயம். நாக் அவுட், 12 பிள்ளைகளுக்கு அந்த வருஷக் கபடி அங்கேயே முடிந்திருக்கும். ரெஃப்ரி அதைத்தான் நினைத்தாரா, இல்லை மதியம் தன் டீமுக்கு யார் அம்பயர் என்று நினைத்தாரா? நானும் கேட்கவில்லை. எனக்கும் மதியம் மேட்ச் இருந்தது.

அடுத்த ஆட்டத்தில் அதே லாபிக் கோட்டருகே, 'தம்பி' என்றவர் விசிலோடு நின்றார். கடைக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு பயிற்சியாளர், "சார், லாபி பாருங்க சார்" என்றார். இரண்டாவது தடவை சொன்னதுமே பச்சை அட்டை வெளியே வந்தது. விதிப்படி தப்பில்லை. எத்தனையாவது நிமிடம் என்று பார்த்து எழுதிக்கொண்டேன்.