கரகம் பார்க்க வாருங்கள்

திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் தீமிதி பார்த்து வளர்ந்தவள் நான். பெங்களூருக்கு வந்த பிறகும் அவளைத் தேடித்தான் திகளர்பேட்டை தர்மராயர் கோயிலுக்குப் போனேன். கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவு, திகளர் என்ற சமூகத்தார் திரௌபதிக்காக நடத்தும் கரகம். சேலையும் வளையலும் அணிந்த பூசாரி, மல்லிகைச் சரங்கள் மூடிய கரகத்தைத் தலையில் சுமந்து, கையால் பிடிக்காமலே நடந்து வருவார். சுற்றிலும் உருவிய வாளோடு, காவலாக வரும் வீரகுமாரர்கள். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் ஊர்வலம் காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவுக்கும் போகும். வழக்கமாகவே அப்படித்தான். அந்த ஒன்றுக்காகவே வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கவேண்டும் என்பேன்.

கரகம் கிளம்ப நள்ளிரவு தாண்டிவிடும். கோயில் தெருவில் நெரிசல் தாங்காது. குழந்தைகளோடு வருபவர்கள் தர்கா பக்கம் நின்று பார்ப்பது நல்லது.